சாப்பிட வெளியே போன பாறை

அன்று மதியம் ஈப்போவின் சிலிபினில், ஒரு வீட்டுக் கேட்டுக்கு வெளியே நின்ற எங்கள் வளர்ப்பு மீன் கடைப் பிக்கப் வண்டியின் பின்புறம் கூடியிருந்தவர்கள் இவர்கள்: முதலாளி ரோஸ்லின் அக்கா, பள்ளிப் பேருந்து ஓட்டும் சிவா அண்ணன், அவர் மனைவி லெட்சுமி அக்கா, நான். எங்கள் நடுவே கடல்நீர் நிறைந்த பிளாஸ்டிக் தொட்டி. அதற்குள் ஒரு பாறை, பாறைமேல் ஒரு கடற்சாமந்தி, அதன் விரல்களுக்குள் முகம் புதைத்தபடி இரண்டு கோமாளி மீன்கள். வராதவர்கள்: பச்சை மீன் ஒன்று, மஞ்சள் மீன் ஒன்று, கோடு போட்ட மீன் ஒன்று. இந்த மூவரையும் தின்றது யார் என்று கண்டுபிடிக்கத்தான் நாங்கள் வெயிலில் நின்றோம். வாட்ஸ்அப் குழுவில் ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்ன நிபுணர்களில் ஒருவரும் வரவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம், கடையில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்கள். பாறையில் ஒட்டிக்கொண்டு வரும் ஜீவன்களைப் போனில் படம் பிடித்தால் போன் பெயர் சொல்லிவிடுகிறதாம். அப்படியிருந்தும் அக்கா அதை நம்பாமல் டப்பா, உப்பு, கறுப்புத் துணி என்று படுத்துகிறாராம். "அண்ணே, நீங்க இங்க இருந்தவர்தானே, ஏன்னு எழுதுங்கலா" என்று கேட்டார்கள். நான் அந்த வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். முப்பது வயதுகூட ஆகாதவன் ஓய்வு என்றால் சிரிப்பீர்கள். ஆனால் அக்கா எனக்குப் பிரியாணி போட்டு, கேக் வெட்டி, சுவர்க்கடிகாரம் கொடுத்துத்தான் அனுப்பிவைத்தார். சுவர்க்கடிகாரம் வாங்கியவன் ஓய்வு பெற்றவன்தான். இப்போது லூமுட் பக்கம் ஒரு மீன்குஞ்சுப் பண்ணையில் இருக்கிறேன். அங்கே எல்லா மீனுக்கும் ஒரே பெயர். அதனால் எனக்கு எழுத நேரம் நிறைய.

எங்கள் வீட்டில் படிப்பை முழுதாக முடித்த முதல் ஆள் நான். கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய அப்பா, தோட்டம் வீடமைப்புத் திட்டமாக மாறியதும் அங்கேயே காவல் வேலைக்குச் சேர்ந்தவர். நான் உயிரியல் டிப்ளோமாவுடன் மீன் கடையில் சேர்ந்த அன்று, "இவ்வளவு படிச்சது கல்லுக்குள்ள பூச்சி பாக்கவாடா?" என்று கேட்டார். அம்மா மட்டும் அக்கம்பக்கத்தில், மகன் கடல் ஆராய்ச்சியில் இருப்பதாகச் சொல்லிவைத்தார். ஈப்போவில் கடல் எங்கே இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

உப்புநீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு லைவ் ராக் என்றால் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அது கடலில் கிடந்து ஊறிய, ஓட்டை ஓட்டையான கல். பார்ப்பதற்கு உடைந்த சிமெண்டுக் கட்டி மாதிரி இருக்கும். ஆனால் அதன் ஒவ்வொரு பொந்திலும் ஒரு குடித்தனம் நடக்கிறது. தொட்டிநீரைச் சுத்தமாக வைத்திருப்பது அந்தக் குடித்தனங்கள்தாம். கெடுப்பதும் அவற்றில் சிலதான். எது எந்த ரகம் என்று பிரித்துச் சொல்வது எங்கள் வேலை.

ரோஸ்லின் அக்கா முன்பு கமுந்திங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தவர். ஆயிரம் சில்லுகளில் கெட்டுப்போன ஒன்றைப் பொறுக்கி எடுத்த கண் அது. நெற்றியில் எப்போதும் ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி ஏற்றி வைத்திருப்பார். ஞாயிறு திருப்பலிக்கே ஒரு தடவை அதோடு போய், பாதிரியார் கண்சாடை காட்டிய பிறகுதான் கழற்றினாராம்.

அவருடைய முறை இப்படி. ஈரக் காகிதம் சுற்றிய பாறைகள் நுரைப்பெட்டியில் வரும். ஒவ்வொன்றையும், வழக்கத்தைவிட அதிகம் உப்புக் கரைத்த வாளியில் கொஞ்ச நேரம் அமிழ்த்த வேண்டும். கரிப்புத் தாங்காமல் உள்ளே இருப்பவர்கள் வெளியே குதிப்பார்கள். வாளியின் அடியில் விழுந்தவர்களைச் சல்லடையில் வடிகட்டி, வெள்ளை மார்ஜரின் டப்பாக்களில் தனித்தனியாக விட வேண்டும். டப்பாக்களுக்கு மூன்று தட்டுகள். மேல் தட்டு "தங்கலாம்". நடுத் தட்டு "விசாரணை". கீழ்த் தட்டு "வெளியே". விசாரணை முடியும்வரை யாரும் எந்த ஜீவனுக்கும் பெயர் சொல்லக் கூடாது. பெயர் தெரியாத எல்லோருக்கும் அக்கா வைத்த ஒரே பெயர் "ஐயா".

"இந்த ஐயா எங்க நிக்கிறாரு? என்னா திங்கிறாரு? இவரு வந்த பொறவு யாரக் காணோம்?" இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாமல் வாயைத் திறந்தால் அக்கா கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கி நம்மையே பார்ப்பார். நாமும் ஒரு டப்பாவுக்குள் கிடப்பதுபோல இருக்கும்.

நான் சேர்ந்த முதல் வாரத்தில் நடந்தது இது. நடுத் தட்டில் ஒரு டப்பா. உள்ளே மெல்லிய, பழுப்பு நிற, வளைந்த புழு. அக்கா இல்லாத நேரத்தில் புத்தகத்தைப் புரட்டி, அதற்கு லத்தீன் பெயர், குடும்பம், உணவுப் பழக்கம் எல்லாம் எழுதி டப்பாவில் ஒட்டிவிட்டேன். அக்கா வந்து படித்தார். இடுக்கியால் அதைத் தூக்கி, இரண்டு பக்கமும் இழுத்து, விட்டார். அது "டப்" என்று என் மூக்கில் வந்து அடித்தது. பாறையைக் கட்டிவந்த ரப்பர் பேண்ட்.

"ஏன்டா குமாரு, அப்பா எத்தனை வருசம் ரப்பர் தோட்டத்துல இருந்தாரு?"

"சின்ன வயசுல இருந்தே, அக்கா."

"அவருகிட்ட சொல்லிடாத. மனுசன் மனசு ஒடைஞ்சிருவாரு."

அந்த ரப்பர் பேண்டை அக்கா லத்தீன் பெயரோடு "தங்கலாம்" தட்டில் வைத்துவிட்டார். வாடிக்கையாளர்கள் விலை கேட்டிருக்கிறார்கள்.

அதன் பிறகு நான் நன்றாகவே தேறினேன். கூழ் உருண்டை மாதிரி ஒட்டியிருக்கும் ஐயா தண்ணீரை வடிகட்டிச் சாப்பிடும் சாது. பொந்துக்குள் இருந்துகொண்டு சேமியா மாதிரிக் கைகளை மட்டும் வெளியே நீட்டும் ஐயா, துப்புரவுப் பணியாளர். உடம்பெல்லாம் மயிரோடு வரும் நண்டு ஐயா நேரே கீழ்த் தட்டு. ஒவ்வொரு பெட்டி பிரிக்கும்போதும் எனக்குத் தீபாவளிக் காலை மாதிரி இருக்கும். சம்பளம் கொடுக்காவிட்டாலும் வந்திருப்பேன். இதை அப்போது அக்காவிடம் சொல்லாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று.

இனி சிவா அண்ணன் கதை.

அண்ணன் எங்கள் பழைய வாடிக்கையாளர். தொட்டி, பாறை எல்லாம் எங்கள் கடையில் வாங்கியவை. லெட்சுமி அக்காவுக்கு முதுகில் ஆபரேஷன் நடந்தபோது, நல்லபடியாக எழுந்து நடந்தால் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக அண்ணன் நேர்ந்துகொண்டார். லெட்சுமி அக்கா எழுந்து நடந்தது மட்டுமில்லை, முன்பைவிட அதிகம் பேசவும் தொடங்கினார். அண்ணன் மாலை போட்டு விரதம் ஆரம்பித்தார். தாடி வளர்ந்தது, மீன்கள் குறைந்தன.

ஒரு நாள் மஞ்சள் வேட்டியோடு கடைக்குள் வந்து, போனை நீட்டினார். தொட்டியிலிருந்து "டக், டக்" என்று சத்தம் வரும் வீடியோ.

"மூணு உசுரு போச்சு ரோஸ்லின். ஒவ்வொண்ணா காணாமப் போவுது. வாட்ஸ்அப்புல எல்லாரும் மான்டிஸ் எறாங்கிறான். கண்ணாடியவே ஒடைக்குமாம்."

"சத்தம் கெடக்கட்டும்ணே. மிச்சம் யாரு இருக்கா?"

"அந்த ரெண்டு கோமாளிதான்." அண்ணன் குரல் இறங்கியது. "வெரதம் இருக்கிற வீட்டுல உசுரு போவக் கூடாது. ஏதோ எங்கிட்ட சுத்தம் பத்தல. இன்னொண்ணு போச்சுன்னா நான் காவடியத் தொட மாட்டேன். சொல்லிட்டேன்."

அவர் அப்படிச் சொன்னால் சொன்னதுதான். ஒரு தடவை பேருந்துக் கண்ணாடியில் சிட்டுக்குருவி மோதியதற்கு ஒரு வாரம் ஒலிப்பான் அடிக்காமல் ஓட்டியவர். பாறையை வெளியே எடுத்து எங்கள் உப்பு வாளியில் முக்கினால் உள்ளே இருப்பவன் தானாக வருவான். ஆனால் அதே பாறையின் பொந்தில்தான் கடற்சாமந்தி கால் ஊன்றியிருந்தது. முக்கினால் அது செத்துவிடும். அதுவும் உயிர்தான். ஆக, ஒருவரும் சாகாமல் கொலைகாரனைப் பிடிக்க வேண்டும்.

அக்காவும் நானும் அண்ணன் வீட்டுக்குப் போனோம். வீடெல்லாம் சாம்பிராணி மணம். விளக்கை அணைத்து, தொட்டியோடு சேர்த்துக் கறுப்புத் துணியைத் தலையில் போர்த்திக்கொண்டு, சிவப்பு டார்ச் அடித்துப் பார்த்தோம். பாறைவாசிகளுக்குச் சிவப்பு வெளிச்சம் உறைக்காது, இருட்டு என்று நினைத்து நடமாடுவார்கள். வெளியிலிருந்து லெட்சுமி அக்காவின் குரல்: "அந்தக் காலத்து போட்டோக்காரன் மாதிரி ரெண்டு பேரும் குனிஞ்சு நிக்கிறீங்க. சிரிக்கணுமா, சும்மா இருக்கணுமா?"

"சும்மா இருங்க அக்கா" என்றேன்.

"அதான் முடியாதே தம்பி."

சத்தக்காரன் சீக்கிரமே சிக்கினான். விரல் நுனி அளவு இறால். ஒரு கொடுக்கு மட்டும் பெரிது, அதைச் சொடுக்கித்தான் அவ்வளவு ஆர்ப்பாட்டம். மான்டிஸ் இல்லை. இவன் ஒரு மீனைத் தின்ன வேண்டுமானால் குடும்பத்தோடு உட்கார்ந்து ஒரு மாதம் தின்ன வேண்டும். அக்கா துணியை விலக்கினார்.

"இந்த ஐயா நிரபராதி. அண்ணே, எப்ப இருந்து மீனு காணாமப் போவுது?"

"மாலை போட்டு ரெண்டு வாரத்துல ஆரம்பிச்சுச்சு."

"அதுக்கு முன்ன?"

"ரெண்டு வருசமா ஒண்ணுகூட போனதில்ல."

அக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "மீனுக்கு என்னா போடுறீங்க?"

"கடற்பாசிதான். கண்ணாடியில கிளிப் போட்டு மாட்டிடுவோம்."

"நான் குடுத்த ஐஸ் எறா?"

லெட்சுமி அக்கா இடுப்பில் கை வைத்தார். "எறாவா? வெரத வீட்டுலயா? மாலை போட்ட அன்னிக்கே ஃப்ரீசர காலி பண்ணி, மஞ்சத் தண்ணி தெளிச்சுக் கழுவிட்டேன்லா. அந்த டப்பா சாப்பாட்டுலயும் மீன் தூள் இருக்காம், அதையும் தூக்கிப் போட்டாச்சு."

"அப்ப மீனுக்கும் வெரதம்?"

"வீட்டுல இருக்கிற எல்லாருக்கும்தான்."

நான் சிரிப்பை அடக்க மறுபடியும் கறுப்புத் துணிக்குள் போய்விட்டேன். ஆனால் உள்ளே போனதும் எல்லாம் விளங்கியது. குட்டியாக இருந்தபோது எங்கள் உப்பு வாளிக்குத் தப்பி, இரண்டு வருடமாக இந்தப் பாறைக்குள் ஒருவன் இருந்திருக்கிறான். மீன்கள் சிந்திய இறால் துணுக்குகள் பாறைமேல் விழும், அவன் கையை நீட்டி எடுத்துக்கொள்வான், நிம்மதி. திடீரென்று ஒரு நாள் வீடே சைவமாகிவிட்டது. கடற்பாசியோ கண்ணாடியின் மேல்பக்கம் தொங்குகிறது, அடியில் ஒன்றும் விழுவதில்லை. அவன் எத்தனை நாள்தான் பொறுப்பான்? போன் அவன் பெயரைச் சொல்லியிருக்கும், இதைச் சொல்லியிருக்காது.

அக்கா இதை மெதுவாகச் சொன்னார். சிவா அண்ணன் சோபாவில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப என் வெரதம்தான் அதுங்களக் கொன்னுருக்கு."

தொட்டிக்குள்ளிருந்து நிரபராதி மட்டும் "டக்" என்றான்.

"அண்ணே, கோமாளிங்க ரெண்டும் இன்னும் உசுரோட இருக்கு" என்றார் ரோஸ்லின் அக்கா. "ஒரே ஒரு எறா இருந்தா இப்பவே ஆள வெளிய இழுத்துருவேன்."

"எறா உள்ள வராது" என்றார் லெட்சுமி அக்கா.

"தொட்டியில ஒரு எறா சொடுக்கிக்கிட்டு நிக்குதே, அது?"

"அது உசுரோட இருக்கு. உசுரோட இருந்தா சொந்தக்காரன். செத்தாத்தான் கறி."

ரோஸ்லின் அக்கா கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கி, சொடுக்கும் சொந்தக்காரனை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். லெட்சுமி அக்கா சன்னல் வழியாக வாசலைப் பார்த்தார். அங்கே எங்கள் பிக்கப். பார்த்துக்கொண்டே இருந்தவர் திரும்பினார்.

"ஏன் மாமா, போன புரட்டாசியில நான் சைவம் வெச்சப்ப நீங்க என்னா செஞ்சீங்க?"

சிவா அண்ணன் தாடியைத் தடவினார். "அது... பஸ் கழுவப் போனப்ப..."

"சிலிபின் முச்சந்தியில கோழி பொரியல். எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சீங்களா? ஊருல உள்ள ஆம்பளைங்க எல்லாம் வெளிய போயித்தானே திங்கிறீங்க. பாறையும் வெளிய போயித் தின்னுட்டு வரட்டும்!"

சந்தைக்கு ஓடியவன் நான். ஓர் இறால் மட்டும் போதும் என்றதும் மீன்காரப் பெண்மணி என்னை ஏற இறங்கப் பார்த்து, "வீட்டுல எத்தன பேரு?" என்று கேட்டார். "ஒருத்தர்தான், ஆனா ஆள் யாருன்னு தெரியல" என்றேன். திரும்பி வந்தபோது கேட்டுக்கு இந்தப் பக்கமே நிறுத்தப்பட்டேன். இறாலைப் பிக்கப்பில் வைத்து, குழாயடியில் கைகால் கழுவிய பிறகுதான் அனுமதி.

பாறையைத் தண்ணீரைவிட்டு எடுக்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் தொட்டியைப் பெரிய தொட்டிக்குள்ளேயே அமிழ்த்தி, பாறையைக் கடற்சாமந்தியோடு அதற்குள் நகர்த்தி, நீரோடு தூக்கினோம். கோமாளி மீன்கள் தங்கள் வீட்டை விட்டுப் போக மறுத்து, கூடவே ஏறிக்கொண்டன. போதாததற்குப் பெட்டை மீன் என் விரலைக் கடித்தது. வலி ஒன்றும் பெரிதில்லை, மரியாதைதான் போயிற்று. அண்ணனும் நானும் தூக்க, லெட்சுமி அக்கா முன்னால் நடந்து, "வழி விடுங்க, வழி விடுங்க, மாப்பிள்ள வாராரு" என்று தெருவையே கூட்டினார்.

பிக்கப்பில் ஏற்றி, கறுப்புத் துணியைக் கூடாரமாகக் கட்டினோம். ரோஸ்லின் அக்கா பம்புக்குப் போடும் தெளிந்த பிளாஸ்டிக் குழாய் ஒன்றை எடுத்தார். அதன் வழியாக நூல் விட்டு, நூலின் நுனியில் இறால் துண்டைக் கட்டி, குழாயின் வாயைப் பாறையின் பெரிய பொந்துக்கு எதிரே வைத்தார். மறுமுனை நூல் அவர் கையில். சிவப்பு டார்ச் என் கையில். கோமாளி மீன்கள் பொந்துக்கு ஒரு சாண்கூடத் தள்ளி இல்லை. வாசனையால் அவன் வெளியே வந்து, இறாலை விட்டுவிட்டு அவற்றைப் பிடித்தால் எல்லாம் முடிந்தது. சிவா அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு "வேல், வேல்" என்று முணுமுணுத்தார்.

பொந்தில் ஏதோ அசைந்தது.

"அக்கா, புழு! முள்ளுப் புழு! இல்ல, இது..."

"பேரச் சொல்லாத. எண்ணு."

பாறையில் வரும் முள்ளுப் புழுக்களில் பெரும்பாலானவை ஏழைத் தொழிலாளிகள், மிச்சம் மீதி தின்பவர்கள். அவர்களைப் பிடித்தால் பாவம். வித்தியாசம் தலையில் இருக்கிறது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு மீசைகளை எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று... அது தலையைத் திருப்பியது. நான்கு. ஐந்து. ஐந்து மீசை! கழுத்துக்குப் பின்னால் உடம்பு, மழைத் தண்ணீரில் எண்ணெய் மிதப்பதுபோல் ஏழு நிறமும் காட்டி மின்னியது.

"அஞ்சு அக்கா! மினுக்குது!"

"அப்ப இந்த ஐயாதான்" என்றார் அக்கா, திருப்பலியில் ஆமென் சொல்லும் குரலில். நூலை இழுக்க ஆரம்பித்தார். இழுத்து அறுத்துவிட்டால் மிஞ்சிய துண்டு உள்ளேயே இருந்து மறுபடி வளரும். அதனால் அவனாகவே முழுசாக வர வேண்டும். இறால் ஓர் அங்குலம் பின்வாங்கும், அவன் ஓர் அங்குலம் குழாய்க்குள் முன்னேறுவான். பெட்டைக் கோமாளி ஒரு தடவை பாய்ந்து வந்து அவன் முதுகைக் கொத்திவிட்டு ஓடியது. அவன் அப்படியே நின்றான். நாங்களும் நின்றோம். சிவா அண்ணனின் வேலும் நின்றது. பிறகு பசி ஜெயித்தது.

"இன்னும் வருதா?" என்றார் லெட்சுமி அக்கா.

"வருது அக்கா."

"இப்ப?"

"இன்னும் வருது."

"என்னாடா இது, ஈப்போ ஸ்டேஷன்ல சரக்கு ரயிலு போற மாதிரி! கடைசிப் பெட்டி எங்க?"

துணிக்கு வெளியே பக்கத்து வீட்டார் கூடிவிட்டார்கள். அவர்களுக்கு லெட்சுமி அக்கா நேரடி வர்ணனை. என் கையைவிட நீளமாக அவன் குழாய்க்குள் போன பிறகுதான், வால் பொந்தைவிட்டு மெல்ல நழுவியது. "இப்ப!" என்று அக்கா கத்த, நான் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அடைக்க, மறுவாயை அவர் அடைக்க, இருவரும் குழாயைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு துணிக்குள்ளிருந்து வெளிப்பட்டோம். தெருவே கைதட்டியது. சிலர் அலறினார்கள். லெட்சுமி அக்கா இரண்டையும் செய்தார்.

கோமாளிகள் இரண்டும் பத்திரம். கடற்சாமந்தி ஒரு விரலைக்கூட மடக்கவில்லை. சிவா அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காவடி உண்டு" என்றார்.

"இவன கடைக்குக் கொண்டுபோயி ஐஸ்ல போட்டுருவோம்ணே" என்றார் ரோஸ்லின் அக்கா. கீழ்த் தட்டுக்காரர்களின் கதி அதுதான்.

"ஐயோ, வேணாம்!" அண்ணன் குழாயைப் பிடித்துக்கொண்டார். "பட்டினி போட்டது நானு. அவன் பசிக்குத் தின்னான். வெரதத்துல அவனக் கொன்னா அதுவும் என் கணக்குலதானே?"

"அப்ப எங்க வெக்கிறது? உங்க தொட்டியிலயா?"

"எறா குடுக்கணும்னா எங்க வீட்டுல முடியாது" என்றார் லெட்சுமி அக்கா உடனே. "உங்க கடையில தனியா ஒரு ரூம் போட்டுக் குடுங்க ரோஸ்லின். பூசம் முடிஞ்சதும் நாங்களே வந்து கூட்டிக்கிறோம்."

அப்படியே நடந்தது. அண்ணன் காவடி எடுத்தார். கோயில் படியில் லெட்சுமி அக்கா அவரைவிட வேகமாக ஏறினார். மறு வாரம் இருவரும் கடைக்கு வந்து ஐயாவை அழைத்துப் போனார்கள். சிறிய தொட்டி ஒன்று, அதற்கு மூடி, பம்ப், உப்பு, தனிப் பாறை, அதுவரை கடையில் தின்ற இறால் எல்லாம் சேர்த்து, மூன்று கொலை செய்தவனைக் குடிவைக்க அவர்களுக்கு ஆன செலவு முந்நூற்று நாற்பது ரிங்கிட்.